ஹாக்கி பார்க்கக் குழந்தையைக் கூட்டிப்போகிறவர்களுக்கு

ஹாக்கியை முதன்முதலாக நேரில் பார்க்கும் குழந்தை கேட்கிற முதல் கேள்வி, "பந்து எங்கே?" என்பதுதான். நியாயமான கேள்வி. மைதானம் 91.40 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். பந்தோ சாத்துக்குடி அளவுதான்; சுற்றளவு 23 சென்டிமீட்டருக்கு ஒட்டி இருக்கும். தூரத்துக் கேலரியில் உட்கார்ந்தால் பழகிய கண்ணுக்கே அது தப்பிவிடும். பத்து நிமிடத்தில் குழந்தைக்குச் சலித்துப்போகும். அடுத்த முறை கூப்பிட்டால் வராது.

எத்தனை மணிக்குக் கூட்டிப்போகிறோம், எங்கே உட்காரவைக்கிறோம், எதைப் பார்க்கச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிரிக்கெட்டில் இந்திய அணி வீரரைக் கம்பி வேலிக்கும் காவலர்களுக்கும் அப்பால்தான் ஒரு பிள்ளையால் பார்க்க முடியும். ஹாக்கியில் இன்றைக்கும் பத்தடி தூரத்தில் பார்க்கலாம், இரண்டு வார்த்தை பேசலாம், கேட்டால் மட்டையைக் கையில் கொடுப்பார்கள். இந்த நெருக்கம் இந்த விளையாட்டின் சொத்து. அதை வீணாக்குவது எனக்குப் பொறுப்பதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு முதல் ஊர் கோவில்பட்டிதான். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன கரிசல் சீமையில் ஹாக்கி எப்படி இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். கிருஷ்ணா நகரில் செயற்கை இழை மைதானம் இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி பெரும்பாலும் மே மாதத்தில் நடக்கும்; பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான போட்டி கிடையாது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியும் இந்த ஊரில்தான். கோவில்பட்டிக்காரரான மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து இங்கே பயிற்சி பெற்ற கார்த்தியும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுடன் 1-1 என முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோல் கார்த்தியின் பெயரில் பதிவானது. அந்தத் தொடரில் இந்தியாவுக்கு வெண்கலம். கோவில்பட்டியில் மட்டை பிடிக்கும் பிள்ளைக்கு இந்திய வீரர் என்பவர் சுவரொட்டியில் இருக்கும் ஆள் இல்லை, பக்கத்துத் தெரு அண்ணன்.

சென்னையில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். 1901-இல் தொடங்கிய எம்.சி.சி. (மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்) - முருகப்பா தங்கக் கோப்பைப் போட்டி இப்போது அங்கே நடக்கிறது. 2007 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 7-2 என்று இந்தியா வென்றதும், 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபியில் 1-3 என்று பின்தங்கியிருந்து மலேசியாவை 4-3 என்று வென்றதும் அதே மைதானத்தில்தான். ஆனால் குழந்தையின் முதல் ஆட்டத்துக்கு இப்படிப்பட்ட இறுதியாட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கூட்டம், சத்தம், பாதுகாப்பு எல்லாம் சேர்ந்து வீரர்களைத் தூரத்தில் நிறுத்திவிடும். உள்நாட்டுப் போட்டி ஒன்றின் லீக் ஆட்டம், அதுவும் வாரநாளில் நடப்பது, ஆயிரம் மடங்கு நல்லது. ரயில்வே, ராணுவம், எண்ணெய் நிறுவனங்கள், வங்கிகள் என்று வரும் அணிகளில் இந்தியாவுக்கு ஆடியவர்கள் ஓரிருவராவது இருப்பார்கள். கேலரியில் கூட்டம் குறைவு. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

நேரம்தான் முதல் விஷயம். ஐந்து மணி ஆட்டத்துக்கு ஐந்து மணிக்குப் போனால் பாதியைத் தொலைத்துவிட்டீர்கள். நான்கு மணிக்கே உள்ளே இருங்கள். வீரர்கள் ஆட்டத்துக்கு முக்கால் மணி முன்பே இறங்கி உடம்பைச் சூடேற்றத் தொடங்குவார்கள். அப்போது அவர்கள் வேலி ஓரமாகவே ஓடுவார்கள், இரண்டிரண்டு பேராக நின்று பந்தைத் தள்ளிக்கொள்வார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாமல், கைதட்டாமல், பிள்ளை சும்மா நின்று பார்க்கட்டும். இடது கை மட்டையின் உச்சியில், வலது கை கொஞ்சம் கீழே. மட்டையைத் திருப்புவது முழுக்க இடது கையின் வேலை. வலது கை வெறும் வளையம் போல அதைச் சுழலவிடும். இந்த ஒன்றை வேலியோரம் நின்று கவனித்த குழந்தை, பிறகு தானே மட்டை பிடிக்கும்போது பாதித் தப்பைச் செய்யாது. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கும் இதேதான். ஹாக்கியில் இடக்கை மட்டை என்று ஒன்று விதிப்படி கிடையாது. மட்டையின் தட்டையான இடப்பக்கத்தால் மட்டும்தான் பந்தைத் தொடலாம், உருண்டையான பின்பக்கம் பட்டால் தப்பு.

பிறகு தண்ணீர். பெரிய பீச்சுக்குழாய்கள் எழுந்து மைதானம் முழுக்க அடிக்கும். குழந்தைகள் அசந்துபோகும் காட்சி அது. ஏன் தண்ணீர் என்று கட்டாயம் கேட்பார்கள். நனைந்த டர்ஃபில் (செயற்கை இழைத் தரையில்) பந்து வழுக்கிக்கொண்டு வேகமாகவும் சீராகவும் ஓடும். காய்ந்தால் பிடித்து நிற்கும், குதிக்கும். விழுகிற வீரருக்கும் காய்ந்த இழையில் முழங்கால் தோல் உரிந்துவிடும். கோவில்பட்டியின் மே மாத வெயிலில் இடைவேளைக்குள் பாதி ஈரம் போய்விடும் என்பதால் இடைவேளையில் மறுபடி அடிப்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் காற்று வீசும் பக்கம் பார்த்து உட்காருங்கள். கைப்பையில் ஒரு துண்டு இருக்கட்டும்.

சூடேற்றும் நேரத்தில் பிள்ளையைக் கூட்டிப்போய் நிறுத்தவேண்டிய இடம், கோல்கீப்பர் பயிற்சி எடுக்கும் கோலுக்குப் பின்னால். ஒரே ஒரு நிபந்தனை: பின்னால் உயரமான தடுப்பு வலை இருக்கவேண்டும். பந்து 156 முதல் 163 கிராம் எடை, கல்லு மாதிரி கெட்டி. நல்ல டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையோடு இழுத்து வீசுவது) மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். வலை இல்லாத உள்ளூர் மைதானங்களில் கோலுக்குப் பின்னால் எந்தக் குழந்தையையும் நிறுத்தவே கூடாது. மூலைக்கு நகர்ந்து நின்றால் பாதுகாப்பு, பார்வையும் மோசமில்லை. கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். மெத்தைபோலத் தடித்த கால்கவசமும், பாதத்துக்குத் தனிக் கவசமும், தலைக்கவசமும், மார்புக்கவசமும், இரண்டு கைக்கும் வேறு வேறு வடிவக் கையுறையும் போட்டுக்கொண்டு ஒருவர் அந்த அகலத்தை அடைக்கிறார். பந்தைக் காலால் உதைக்க அனுமதியுள்ள ஒரே ஆள் அவர்தான், அதுவும் தன் டி-க்குள் (கோலுக்கு முன்னால் D வடிவில் வரைந்திருக்கும் பகுதி) மட்டும். பயிற்சியாளர் இடம், வலம், மேல், கீழ் என்று அடுத்தடுத்து அடிக்கும்போது கால்கவசத்தில் பந்து மோதும் "தப், தப்" சத்தத்தைக் கேட்ட பிள்ளை அதை மறக்காது. தொலைக்காட்சியில் அந்தச் சத்தம் வருவதில்லை.

ஆட்டம் தொடங்கியதும் நடுக்கோட்டுக்கு நேராக உட்காரும் பழக்கத்தை விடுங்கள். குழந்தைக்கு நல்ல இடம் 23 மீட்டர் கோட்டுக்கு (பின்கோட்டிலிருந்து அவ்வளவு தள்ளிப் போட்டிருப்பது) நேரே, ஆறேழு படி உயரத்தில். ரொம்பத் தாழ்வாக இருந்தால் கால்களின் காட்டில் பந்து மறையும். ரொம்ப உயரே போனால் வீரரின் முகம் தெரியாது. அணிகள் இடைவேளையில் பக்கம் மாறும். அதனால் முதல் பாதியில் எந்த அணி உங்கள் பக்கத்து கோலைத் தாக்குகிறதோ அதே அணி மறுபாதியில் உங்கள் முன்னால் தடுக்கும். இடம் மாறாமலே இரண்டையும் பார்க்கலாம்.

இப்போது அந்த முதல் கேள்விக்குப் பதில். பந்தைத் தேடாதே, ஒரு ஆளைப் பார் என்று சொல்லுங்கள். 15 நிமிடக் கால்பகுதி ஒன்றில் ஒரே ஒரு வீரர், எண்ணைச் சொல்லித் தேர்ந்தெடுங்கள். அவர் பந்து இல்லாதபோது என்ன செய்கிறார், யாரைப் பார்த்துக் கையை நீட்டுகிறார், எப்போது ஓடுகிறார், எப்போது நடக்கிறார். ஐந்தாறு நிமிடத்தில் அவரை வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். ஹாக்கியில் ஆள் மாற்றுவதற்குக் கணக்கே இல்லை, போனவர் திரும்ப வரலாம். பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதையும் பயிற்சியாளர் காதில் எதையோ சொல்வதையும் பிள்ளை பார்க்கட்டும். இரண்டாம் கால்பகுதிக்கு வேறொரு ஆள். இப்படிப் பார்த்தால் பந்து தானாகவே கண்ணில் விழத்தொடங்கும், ஏனென்றால் ஆட்களின் தலை எங்கே திரும்புகிறதோ அங்கே பந்து இருக்கும்.

பெனால்டி கார்னர் (பெரும்பாலும் டி-க்குள் தடுக்கும் அணி செய்யும் தப்புக்குத் தாக்கும் அணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) வந்தால் மட்டும் இந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நாற்பது நொடி கடிகாரம் நிற்கும், அதற்குள் குழந்தைக்கு விளக்கிவிடலாம். தடுக்கும் அணியில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விடவேண்டும். தாக்கும் அணியில் ஒருவர் கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் நின்று பந்தைத் தள்ளிவிடுவார். பெரும்பாலும் கோலை நோக்கி நிற்கும் தாக்குபவர்களுக்கு இடப்பக்கத்திலிருந்துதான் தள்ளுவார்கள், ஏனென்றால் இடத்தோள் களத்தைப் பார்த்திருந்தால்தான் அந்தத் தள்ளுக்கு நீளமும் வேகமும் கிடைக்கும். பந்து 14.63 மீட்டர் ஆரமுள்ள டி-யைத் தாண்டி வெளியே போகவேண்டும். அங்கே ஒருவர் அசையாமல் நிறுத்துவார், இன்னொருவர் உள்ளே இழுத்து அடிப்பார்.

இதில் எது தப்பிப்போகிறது என்று பார்ப்பதுதான் சுவை. தள்ளுகிறவரின் பந்து ஒரு கைப்பிடி விலகினால் நிறுத்துபவர் எட்டிப் பிடிப்பார், அடிப்பவரின் கால்கணக்கு குலைந்துவிடும். நிறுத்தும்போது பந்து இம்மி குதித்தாலும் டிராக் ஃபிளிக் போச்சு, ஏனென்றால் ஃபிளிக் என்பது அடியே இல்லை. பந்தை மட்டையில் ஒட்டிக்கொண்டே இழுத்து வீசுவது. அதற்குள் தடுக்கும் பக்கத்திலிருந்து முதலில் பாய்ந்து வருபவர் முகமூடியும் முழங்கால் கவசமும் போட்டுக்கொண்டு நேராகப் பந்தின் பாதைக்குள் ஓடிவருவார். எனக்குத் தெரிந்து விளையாட்டில் இதைவிடத் துணிச்சலான வேலை குறைவு. கார்னர் கலைந்ததும் முகமூடியைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போல ஆட ஓடுவார். அவர் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோல் போட்டவரைச் சுற்றி எல்லாரும் நிற்பார்கள். இவரிடம் போய்ப் பேசும் பிள்ளையை அவர் லேசில் விடமாட்டார்.

கேட்கவும் சொல்லிக்கொடுங்கள். வீசி அடித்தால் "டக்" என்று சத்தம் வரும், ஃபிளிக்குக்குச் சத்தமே வராது. கோலுக்குள் கீழே இருக்கும் பலகை 46 சென்டிமீட்டர் உயரம். கார்னரில் முதல் அடி வீசி அடிக்கும் ஹிட்டாக இருந்தால் அந்தப் பலகை உயரத்துக்குள்தான் கோல் கோட்டைக் கடக்கவேண்டும், மேலே போனால் கோல் கிடையாது. ஃபிளிக்குக்கு அந்தத் தடை இல்லை. கோலின் மேல் மூலைக்கும் அனுப்பலாம். அணிகள் ஏன் டிராக் ஃபிளிக்கரைத் தேடி அலைகின்றன என்பது இந்த ஒரு விதியிலேயே விளங்கிவிடும்.

அட்டைகளுக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. பச்சைக்கு 2 நிமிடம் வெளியே, மஞ்சளுக்கு 5 அல்லது 10, சிவப்பு என்றால் திரும்ப வரமுடியாது. நாக் அவுட் ஆட்டம் சமனில் முடிந்தால் ஷூட் அவுட். வீரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்துடன் ஓடிவந்து 8 நொடிக்குள் கோல் போடவேண்டும். குழந்தையோடு சேர்ந்து வாய்விட்டு எண்ணுங்கள்.

இனி வீரர்களைச் சந்திப்பது. மைதானத்துக்குள் நுழையும்போது மறிக்கக் கூடாது. அப்போது அவர்கள் மனம் ஆட்டத்துக்குள் போய்விட்டிருக்கும். ஆட்டம் முடிந்த உடனேயும் வேண்டாம். கைகுலுக்கி, மெதுவாக ஓடி, உடம்பை நீட்டி மடக்கி, பனிக்கட்டி வைத்து, தண்ணீர் குடித்து வெளியே வரப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும். அந்த நேரம் வரை காத்திருக்கும் குடும்பங்கள் குறைவு. தோற்ற அணியின் முகங்களைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். கடைசி நிமிட கோலில் தோற்றவர்களிடம் அன்றைக்குப் போகவேண்டாம்; லீக் என்றால் நாளையோ மறுநாளோ அவர்களுக்கு இன்னொரு ஆட்டம் இருக்கும்.

எல்லாருக்கும் கடைசியாக வருவது கோல்கீப்பர். அத்தனை கவசத்தையும் வார் வாராகக் கழற்றி, ஆளுயரப் பையில் அடுக்கி, அதை இழுத்துக்கொண்டு வருவதற்குள் பேருந்தில் மற்றவர்கள் ஏறியிருப்பார்கள். கூட்டமும் கலைந்திருக்கும். கூச்சமுள்ள குழந்தைக்கு ஏற்ற ஆள் அவர்தான்.

தமிழ் பேசும் வீரர் என்றால் "அண்ணா" போதும், பெண்கள் அணி என்றால் "அக்கா". ஓய்வுபெற்ற மூத்த வீரர்களும் பயிற்சியாளர்களும் மைதானத்தில் சாதாரணமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் "வணக்கம் சார்" என்று தொடங்கட்டும். போகுமுன் அவர் யார் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுவது உங்கள் கடமை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கிய அணியின் கேப்டன் வி. பாஸ்கரன் சென்னைக்காரர். இப்படி ஒருவர் முன்னால் நின்றும் யாரென்று தெரியாமல் பிள்ளை செல்ஃபிக்குச் சிரித்துவிட்டு வந்தால் பழி பெரியவர்கள்மேல்தான்.

"நான் எப்படி உங்களை மாதிரி ஆவது?" என்று கேட்கவைக்காதீர்கள். அதற்கு எல்லா வீரரும் "நல்லாப் படி, நல்லாப் பயிற்சி எடு" என்றுதான் சொல்வார், வேறென்ன சொல்வார்? சின்னதாக, கையில் பிடிக்கக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். "அண்ணா, உங்க மட்டை எத்தனை இஞ்ச்?" "கார்னர்ல ஓடி வரும்போது பந்தைப் பார்ப்பீங்களா, அடிக்கிறவரைப் பார்ப்பீங்களா?" "இடப்பக்கம் வர்ற பந்தை எப்படி நிறுத்துறீங்க?" மூன்றாவது கேள்விக்குப் பதில் வாயால் வராது. மட்டையைக் கவிழ்த்துக் காட்டுவார். மொழி தெரியாத பஞ்சாப், ஒடிசா வீரரிடம் பிள்ளை தன் மட்டையை நீட்டினாலே போதும், பிடியைத் திருத்திக் கொடுப்பார். மட்டையைப் பரிசாகக் கேட்பதை மட்டும் எக்காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள். அவர்கள் ஆடும் மட்டை பல ஆயிரம் ரூபாய், அடுத்த ஆட்டத்துக்கு அதுதான் ஆயுதம். படம் எடுக்குமுன் கேளுங்கள். உடைமாற்றும் அறைப் பக்கம் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள்.

கையெழுத்துக்குப் பந்து கொண்டுபோவதாக இருந்தால் வழவழப்பான வெள்ளைப் பந்தாக எடுங்கள். டர்ஃபில் ஆடும் பந்துகளில் குழிகள் இருக்கும், மை திட்டுத்திட்டாக நின்றுவிடும். அழியாத மையுள்ள பேனா, நடுத்தர முனை. ஈரக் கையும் ஈரப் பந்தும்தான் கையெழுத்தைக் கெடுப்பவை. துண்டால் துடைத்துவிட்டு நீட்டுங்கள், வாங்கியதும் சில நிமிடம் தொடாமல் பிடித்திருக்கட்டும். மட்டையில் வாங்குவதானால் பிடித்துணிக்குக் கீழே, உருண்டையான பின்பக்கத்தில். தட்டைப் பக்கத்தில் வாங்கினால் ஒரு வாரம் ஆடுவதற்குள் தேய்ந்துவிடும். இதையெல்லாம்விட ஒரு சாதாரண நோட்டு மேல். தேதி, மைதானம், அணிகள், கோல் எண்ணிக்கை, பார்த்த வீரரின் எண், அவர் சொன்ன பதில். இரவே பிள்ளை தன் கையால் எழுதவேண்டும். முகம் நினைவில் நிற்கும், பெயரும் ஆண்டும் நிற்காது.

மறுநாள் காலையில் மட்டை கேட்பார்கள். இங்கே அவசரப்பட்டுப் பெரிய மட்டையாக, "வளர்ந்தாலும் ஆகும்" என்று வாங்கிவிடுகிறார்கள். அது சீருடைக்குச் சரி, மட்டைக்குச் சரியில்லை. நீளம் அதிகமானால் பிள்ளை நிமிர்ந்து நிற்கும், பந்து காலடிக்குள் வந்துவிடும், கை உடம்பை இடிக்கும். நேராக நிற்கவைத்துப் பக்கத்தில் மட்டையை ஊன்றுங்கள். மேல்முனை இடுப்பெலும்பு வரை வந்தால் சரி. பெரியவர்கள் ஆடுவது 36.5 இஞ்ச், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது துடுப்பு. ஜலந்தரிலும் மீரட்டிலும் செய்யும் மல்பெரி மர மட்டையே தொடக்கத்துக்குப் போதும். முதல் மாதம் டென்னிஸ் பந்து. கெட்டிப் பந்துக்கு மாறும் நாளில் கால் எலும்புக்கும் பல்லுக்கும் கவசம் வாங்கியிருக்கவேண்டும். கரிசல் காட்டிலும் சரளையிலும் ஆடினால் மட்டையின் வளைந்த நுனி மூன்றே மாதத்தில் சிராய்ந்து நார் பிரியும். பிரியத் தொடங்குமுன்பே துணி டேப்பை நுனியில் இறுக்கி இரண்டு சுற்று சுற்றுங்கள், தட்டைப் பக்கத்தில் மடிப்பு விழாமல்.

நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடிய தன்ராஜ் பிள்ளை, புனே பக்கத்துக் கட்கியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அப்பா ஆயுதத் தொழிற்சாலையில் மைதானப் பராமரிப்பாளர். அண்ணன் தம்பிகள் ஒடிந்த மட்டைகளையும் ஒதுக்கிப்போட்ட பந்துகளையும் வைத்துத்தான் ஆடிப் பழகினார்கள். மைதானத்தில் ஒடிந்த மட்டை கிடந்தால், யாரும் தேடவில்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, பிள்ளை எடுத்துவர ஆசைப்பட்டால் விடுங்கள். ஒடிந்த இடத்தில் பசை போட்டு, சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் டேப்பை ஒட்டி ஒரு இரவு காயவைத்தால், வீதியில் டென்னிஸ் பந்து தட்டுவதற்கு நன்றாகத் தாங்கும். கெட்டிப் பந்தை மட்டும் அதால் அடிக்கவேண்டாம். மறுபடி அதே இடத்தில்தான் விடும்.